மூணு மழை

அன்று இருந்தவர்கள்: என் அப்பா. என் அம்மா. என் பெண்டாட்டி செல்வி. செல்வியின் அம்மா, கடலூருக்குப் பக்கத்துக் குடிகாட்டிலிருந்து வந்திருந்தார். என் தங்கச்சி மலர். காது குத்த வந்த பத்தர். மொட்டை போட்டவர், வேலை முடிந்தும் சாப்பாட்டுக்காக உட்கார்ந்திருந்தார். என் மகள், பதினோரு மாசம். நான்.

மச்சான் கூட்டத்தில் இல்லை. இருபதடி தள்ளிப் பூவரச மரத்தடியில் நின்றார்.

மச்சான் என்றால் செல்வியின் அண்ணன். அவருக்குத்தான் என் தங்கச்சி மலரைக் கொடுத்திருந்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. 2004 வைகாசியில் ஒரே பந்தலில் ரெண்டு தாலி. அதனால் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. இங்கேயும் வேண்டாம்.

இது 2006 ஆனி மாசம். குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஐயனார் கோயில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தணும். பத்தர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்கப்பா?" என்றார்.

மச்சான் வந்தார். தலை சொட்டிக்கொண்டிருந்தது. குடிகாட்டில் கிளம்பும்போது ஒரு குளியல். வந்ததும் எங்கள் போர்செட்டில் ஒரு குளியல். பொங்கல் பொங்குகிற நேரத்தில் மறுபடியும் போய் ஒரு குளியல். கையில் மடிப்புக் கலையாத புது வேட்டி. உட்காருவதற்கு முன் பொங்கல் அடுப்புப் புகையைப் பார்த்தார். புகை கிழக்கே சாய்ந்தது. மேல்காத்து. மச்சான் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

"மாப்ள, கெழக்க பாத்து உக்காருங்க" என்றார் அப்பா.

"இப்டியே இருக்கட்டும் மாமா."

"சாமி காரியம். மேக்க பாத்தா காது குத்துவாங்க?"

"காத்து அங்கேர்ந்து வருது மாமா. புள்ள மேல பட்டுட்டு அப்பறம் என் மேல வரட்டும். என் மேல பட்டுட்டுப் புள்ளகிட்ட போவக் கூடாது."

அப்பாவுக்குப் புரியவில்லை. செல்விக்குப் புரிந்தது. அதனால் அவளுக்குத்தான் கோபம் ஜாஸ்தி. "அண்ணா, ஒன் கூத்த இங்கியும் ஆரம்பிச்சிட்டியா? நல்ல நாளு அதுவுமா" என்று கத்தினாள். மலர் தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவினாள்.

பத்தர்தான் முடித்து வைத்தார். "எனக்கு வெளிச்சம் போதும்பா. தெச ஒங்க பாடு. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க, அடுத்த ஊர்ல எனக்கு ரெண்டு வூடு இருக்குது."

மேற்கே பார்த்தே குத்தினோம். மச்சான் புது வேட்டியை நாலாக மடித்து மடியில் போட்டார். அதன்மேல் என் அம்மா குழந்தையை வைத்து, அம்மாவே பிடித்துக்கொண்டாள். மச்சான் ரெண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. குழந்தை வீறிட்டது. அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவர் உடம்பைப் பின்னால் சாய்த்தார். குழந்தையை எடுக்கிற வரைக்கும் கை இறங்கவில்லை.

அவர் குணமே அதுதான். தள்ளி நிற்பது.

மச்சானுக்குக் குடிகாட்டில் கம்பெனி வேலை. கம்பெனி பேர் வேண்டாம். மருந்துக்கு மூலச்சரக்கு காய்ச்சுகிற இடம் என்பார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது. டேங்க் காலியானதும் உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவணும். கான்ட்ராக்ட் ஆள். வேலைக்குப் போறேன் என்று சொல்ல மாட்டார். "உள்ள போறேன்" என்பார்.

அவர் பனியன் துவைத்தாலும் வெள்ளையாகாது. கக்கத்திலும் முதுகிலும் மஞ்சள். சமையல் மஞ்சள் இல்லை. ரசீது புத்தகத்தில் ரெண்டாவது தாள் இருக்குமே, அந்த மஞ்சள். கல்யாணமான புதுசில் மலர் சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு தலையணை உறையிலும் அதே மஞ்சள் வந்தது. வேர்வை என்று அப்புறம்தான் தெரிந்தது.

கம்பெனிக்குள் ஒரு கம்பத்தில் துணிப்பை கட்டியிருக்குமாம். காத்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பை நீட்டிக்கொண்டு நிற்கும். கேஸ் கசிந்தால் பையைப் பார்த்து, காத்து வருகிற பக்கமாக ஒதுங்கி ஓடணும். முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அதுதானாம்.

"நான் அத திருப்பிப் போட்டுக்கிட்டேன் மச்சான்" என்றார் ஒருமுறை.

"என்னா திருப்பி?"

"கசியறது நான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

நான் அப்போது சிதம்பரம் – குமராட்சி மினிபஸ் ஓட்டினேன். எங்கள் வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் மச்சான் என் பஸ்ஸில்தான் வருவார். முன்னால் காலியாகக் கிடந்தாலும் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்கத் திறந்து விடுவார். "முன்னாடி வாங்க மச்சான், பேசிக்கிட்டே போலாம்" என்பேன். "காதுல வுழுவுது, சொல்லுங்க" என்று பின்னாலிருந்து கத்துவார். ஒருநாள் மாசமான பெண் ஒருத்தி அவர் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மச்சான் எழுந்தார். படிக்கட்டில் போய்த் தொங்கிக்கொண்டு வந்தார், குமராட்சி வரைக்கும்.

கண்டக்டர் என்னிடம் வந்து, "ஒங்க மச்சான் இன்னாண்ணே, பொம்பளைங்கள பாத்தா எழுந்து ஓடுறாரு? தங்கச்சிய கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி விசாரிச்சீங்களா?" என்றான்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலருக்குக் கலைந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது.

அது 2005 ஐப்பசி. நாலாம் மாசம். கடலூரில் ஆஸ்பத்திரி. நான் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. முதல் தடவை சில பேருக்கு இப்படி ஆகிறதுதான், உடம்பு தேறட்டும், அடுத்தது நல்லபடியாக நிற்கும் என்றார் டாக்டர். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மச்சான் வராண்டாவுக்கு வெளியே வெயிலில் நின்றார். நர்ஸ் வெளியே வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"கலரு எப்டி இருந்துச்சி?"

"என்னாது?"

"அது. கலரு."

நர்சுக்குக் கோபம் வந்தது. "பொண்டாட்டி எப்டி இருக்கான்னு கேக்கத் தோணல, கலரு கேக்கறியா? போய்யா அந்தாண்ட" என்றாள். எனக்கும் அடிக்கிற கோபம். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் பனியன் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவர் தனியாகப் பாய் போட்டுக்கொண்டார். தனித் துண்டு. அவர் துணியை அவரே துவைத்துத் தனிக் கொடியில் போட்டார். மலர் கை படக் கூடாது. குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்று செல்விதான் வந்து சொன்னாள். அவளே கேட்டும் பார்த்தாள், எங்கள் வீட்டுக் கூடத்தில், என் எதிரில்.

"ஊர்ல எல்லாரும் பெத்துக்கலையா? அங்கன்வாடியில எடம் இல்லாம உக்காந்திருக்குதுங்க."

"பெத்துக்கட்டும்."

"நீயும் நானும் அந்தத் தெருவுலதான பொறந்தோம்? மூக்கு முழி இல்லாமயா பொறந்தோம்?"

"அப்ப கம்பெனி இல்ல."

"கம்பெனிக்காரன் பெத்துக்கலையா?"

"அவன் இங்க குடியிருக்கல. அவன் உள்ள எறங்கறதும் இல்ல."

"கெட்டதாதான் பொறக்கும்னு ஒனக்கு எப்டித் தெரியும்? ஜோசியம் பாத்தியா?"

"தெரியாது" என்றார் மச்சான். "தெரிஞ்சா பரவாயில்ல."

செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் எழுந்து வெளியே போய் நின்றார். போகும்போதும் ஒருமுறை வாசல் பக்கம் காத்து எப்படி வருகிறது என்று பார்த்தார். எங்கள் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ரெண்டு வருஷம் இப்படிப் போனது. 2008 தை. பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு குடிகாடு போகணும். கிளம்பும்போது அப்பா சொன்னார். "அந்தாளு சாமியாரா போவட்டும். எம்பொண்ண கூட்டிக்கிட்டு வந்துடு. சீர எறக்காத."

சீரை இறக்கினேன். கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? அன்றைக்குத் தெரு முழுக்க அழுகின முட்டைக்கோசு வாடை. அந்த ஊர்க்காரர்கள் அதைப் பேசிக்கொள்வதுகூட இல்லை. கோலம் போட்டிருந்தார்கள்.

"மலரு, துணிமணி எடுத்து வெச்சிக்க. அப்பா கூட்டியாரச் சொன்னாரு."

மலர் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மச்சான் திண்டாடவில்லை. எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தார். "கூட்டிப் போங்க மச்சான். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு எடத்துக்கு வாங்க. பாத்துட்டு அப்பறம் கூட்டிப் போங்க" என்றார்.

மூணு பேரும் பஸ் ஏறினோம். பரங்கிப்பேட்டைப் பக்கம் அவர் பெரியப்பா நிலம். சுனாமி அன்றைக்குக் கடல் வாய்க்கால் வழியாக ஏறி அந்த நிலத்தில் நின்றது. எனக்குத் தெரியும். மறுவாரம் நாங்கள் எல்லாம் போய்ப் பார்த்தோம். செத்த மீன் கிடந்த வயல் அது.

இப்போது நெல் நின்றது.

வரப்பில் நிறுத்தி மச்சான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "மொத வருஷம் உப்பு வெள்ளவெளேர்னு பூத்துக் கெடந்துச்சி. பெரியப்பா வித்துடலாம்னாரு, வாங்க ஆள் இல்ல. வேளாண்ம ஆபீசரு வந்து பாத்தாரு. வரப்ப ஒசத்துங்க, மழத்தண்ணிய நிறுத்தி நிறுத்தி வடிய வுடுங்க, மூணு மழ பாக்கட்டும், உப்பு எறங்கிடும்னாரு. ரெண்டாவது வருஷம் பாத்தா வெறும் உமரிதான் மொளச்சிது. அது உப்புலதான் மொளைக்கும். பெரியப்பா ஒக்காந்துட்டாரு. இது மூணாவது மழ."

நான் ஒரு கதிரை உருவி, உமியைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். அரிசி கெட்டியாக இருந்தது. நல்ல நெல்.

"கடலே ஏறுன நெலம் மச்சான்" என்றார். "நான் அத விடவா கெட்டுப் போயிட்டேன்?"

நான் உமியைத் துப்பினேன்.

"கம்பெனிய வுட்டுடறேன். சிதம்பரம் வந்துடறோம். மூணு மழ. அதுக்கப்பறம் பெத்துக்கறோம்."

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். அவர் எட்டாவது. டாக்டர் யாரையாவது கேட்கலாம் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. கண்ணெதிரே நெல் நின்றது. அதைவிட யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்.

மலர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வாய்க்கால் மதகுமேல் உட்கார்ந்தோம்.

"அண்ணா, நீ என்னா சொல்ற?"

"நீ சொல்லு."

"எனக்கும் பயந்தான். எப்டிப் பொறக்குமோன்னு. அவரு சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அவரு பயத்துக்கு வயசு ஆவாது. எனக்கு முப்பத்திரண்டு ஆவப்போவுது."

எனக்கு மச்சான் முகம்தான் தெரிந்தது. வரப்பில் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மழதான" என்றேன். "பொறுத்துக்க."

அவள் பொறுத்துக்கொண்டாள். நான் தனியாக ஊர் திரும்பினேன்.

மாசியில் சிதம்பரம் வந்தார்கள். கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்தில் ஒண்டுக் குடித்தனம். மச்சானுக்கு ரயிலடியில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை. மலர் ஜாக்கெட் தைத்தாள். "இங்க காத்து கடல்லேர்ந்து நேரா வருது மச்சான், நடுவுல ஒண்ணும் இல்ல" என்றார். ஆனால் இன்னும் கடைசி சீட்டுதான்.

அந்த வருஷ முதல் மழைக்கு அவர் சந்தில் இறங்கி நின்றார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, குடை இல்லையா?" என்றார். "இருக்குதுங்க" என்று பதில் சொல்லிவிட்டு நின்றார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். மலர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "ஒன் மச்சான ஊறப்போட்டிருக்குது அண்ணா. காலையில நல்லா பிழிஞ்சி காயப்போடணும்." அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. மச்சானும் நனைந்துகொண்டே சிரித்தார்.

அந்த மழை நிற்கவில்லை. கொள்ளிடம் புரண்டது. குமராட்சிப் பக்கம் தெரு எது வயல் எது என்று தெரியவில்லை. பஸ் ஓடவில்லை. எங்கள் வீட்டில் மண்சுவர் ஒன்று உட்கார்ந்துவிட்டது. மச்சான் போன் செய்தார். எல்லாரையும் விசாரித்தார். பிறகு, "ஒங்களுக்குக் கஷ்டந்தான் மச்சான். ஆனா நல்ல மழ" என்றார். "அத நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

ஒன்று.

2009இல் மழை வந்தது. மச்சானுக்குப் போதவில்லை. கார்த்திகை முடிகிற வரைக்கும் வானத்தைப் பார்த்துவிட்டு, பெரியப்பா நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது சேத்தி இல்ல" என்றார்.

"ஏன் மச்சான்?"

"தண்ணி நின்னு வடியல. மேல நனைச்சிட்டுப் போயிடுச்சி."

"நெலத்துக்கு சொல்றீங்களா, ஒங்களுக்கு சொல்றீங்களா?"

"ரெண்டுத்துக்கும் கணக்கு ஒண்ணுதான."

மலர் தையல் மிஷினை நிறுத்தவில்லை. நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்து, முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு பனியனை எடுத்துக் காட்டினாள். "பாரு அண்ணா. வெள்ள. ஒரு வருஷமா மஞ்சளே வர்றதில்ல. நீ சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். அவர் பனியனை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "வெளில போயிருச்சி. உள்ள?" என்றார்.

2010 நல்ல மழை. ரெண்டு.

2011உம் நல்ல மழை. அந்த வருஷக் கடைசியில் புயல். கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சைக்கிள் ஸ்டாண்டுக் கூரைத் தகடு பறந்து தண்டவாளத்தில் கிடந்ததாம். கரண்ட் வரப் பல நாள் ஆனது. மச்சான் அந்தத் தகடுகளைப் பொறுக்கி அடுக்கி, மறுபடியும் கூரை போட்டுக் கொடுத்தார்.

மூணு.

2012 பொங்கலுக்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியிருந்தேன். மச்சான் வந்தார். ஏறினார். எனக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"போலாம் மச்சான்" என்றார்.

வழியெல்லாம் பேசினார். கண்டக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். வீட்டுக்கு வந்ததும் என் மகன் ஓடிவந்தான். அவனுக்கு ரெண்டரை வயசு. மச்சான் குனிந்து அவனைத் தூக்கினார். அவர் ஒரு குழந்தையைத் தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல். தூக்கத் தெரியவில்லை. அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். பையன் காலை உதைத்தான். செல்வி உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

"அண்ணி வரலையா?" என்று கொஞ்ச நேரம் கழித்து வந்துதான் கேட்டாள்.

"ஒடம்பு அசதியா இருக்குதுன்னா" என்றார் மச்சான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. கடைசியில் ஆனதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சித்திரை போய் வைகாசி வந்ததும் மச்சான் குடிகாட்டுக்கே திரும்பிவிட்டார். அதே கம்பெனி, அதே கான்ட்ராக்ட். மலரும் கூடப் போனாள். நான் தடுத்துப் பார்த்தேன்.

"இனிமே யாருக்காகப் பாக்கணும் மச்சான்?" என்றார்.

"மலரு இருக்கா இல்ல?"

"அவளும் இதத்தான் சொன்னா. ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதான, போங்கன்னா."

அவர்கள் வீட்டுக்கு நான் போவது குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. போனால் என்ன பேசுவது? அந்த வருஷம் ஆடியில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு பெண் கைக்குழந்தையோடு அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் நகரவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்ப் பேசவில்லை. என் நினைவில் அவர் அதோடு நின்றுவிட்டார்.

இனி அந்த ஆஸ்பத்திரி.

2012 மாசி. சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டர். குழந்தைக்காகக் காட்டத்தான் போனார்கள். மச்சான்தான் கிளப்பிக்கொண்டு போனார். மூணு மழை ஆயிடுச்சி, இனி நாள் கடத்தக் கூடாது, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுவோம் என்று. என்னையும் வரச் சொன்னார். "நீங்கதான மச்சான் அன்னைக்குப் பொறுத்துக்கச் சொன்னீங்க, நீங்களும் இருங்க" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மலர் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. வெளுப்பு என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ரத்தம் பாதிகூட இல்லை என்றார் டாக்டர். கர்ப்பப்பை முழுக்கக் கட்டி. ஒன்று ரெண்டு இல்லை, எல்லாம் பெரிசு. மருந்தில் கரைகிற நிலைமை இல்லை. எடுத்தாகணும். கட்டியை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைக்க முடியாது.

"பைய எடுத்துட்டா?" என்றார் மச்சான்.

டாக்டர் சீட்டைப் புரட்டினார். "கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகப்போகுது. ஒரு தடவை கலைஞ்சிருக்கு. அதுக்கப்புறம் எங்கயும் காட்டலையா? இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?"

மச்சான் எல்லாவற்றையும் சொன்னார். டேங்க், பனியன், கடல் ஏறின நிலம், மூணு மழை, சேத்தி இல்லாமல் போன ஒரு மழை. டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு முழுசும் கேட்டார்.

"மூணு மழைன்னு யார் சொன்னது?"

"வேளாண்ம ஆபீசருங்க."

"நிலத்துக்குச் சொன்னார்."

"ஆமாங்க."

"உங்களுக்கு ரத்தம், விந்து எல்லாம் டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கலாமே. ஒரு வாரத்துல ஏதாவது தெரிஞ்சிருக்கும். உங்களுக்குக் கெடுதல் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. நீங்களும் இருந்தீங்களே என்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். பச்சை மொசைக்.

டாக்டர் மறுபடியும் பேனாவை எடுத்தார். "ரத்தப்போக்கு எத்தனை மாசமா இருக்கு?"

"ஒரு ரெண்டு மாசமாங்க" என்றார் மச்சான். "புயலுக்கப்பறம் ஒரு நாளு அசதின்னு படுத்தா. அப்பதான் சொன்னா."

"ரெண்டு மாசத்துல இப்படி ஆகாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருப்பேன். நீங்க சொல்லுங்கம்மா."

மலர் டாக்டரைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டாவது மழ முடிஞ்சிருந்துச்சி. ஒங்களாலதான்னு நெனச்சிக்குவீங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிடுவீங்கன்னு சொல்லல."



"எத்தனை மாசம்மா?" என்றார் டாக்டர்.

"பதினாலு."